ஏழாவது கேள்வி

கிளேட்டன் என்ற புறநகரில் நடக்கும் மனநல ஆய்வுக்கான கேள்வித்தாளை, தமிழ் சரியா என்று பார்க்க, நிரோஷினி தாய் சிவமலரிடம் கொடுத்தாள்.

"எல்லாம் டொக்டர்மார் எழுதினதோ?"

"ஏழாவது மட்டும், அவையளோட சேர்ந்து ஆய்வு செய்யிற இளம் ஆக்களில ஒராள் தன்ரை அனுபவத்தில இருந்து எழுதினது."

சிவமலர் அதை வாசித்தாள். "'யாரும் எதுவும் கேட்கக்கூடாது என்று தூங்குவதுபோல் கிடந்ததுண்டா?' பாவம், ஆரின்ரை பிள்ளையோ. தாய் கவனிக்கேல்லைப் போல."

"கவனிச்சவா. ஒண்டும் கேட்காமல், கதவை மெல்லமாச் சாத்திப்போட்டுப் போவா."

சிவமலர் நிமிர்ந்தாள். போன வருடம் முழுக்க நிரோஷினியின் அறைக்கதவை அப்படிச் சாத்தியது அவள்தான்.

"இப்ப கேட்டால் சொல்லுவியோ, பிள்ளை?"

"கேளுங்கோ அம்மா" என்று நிரோஷினி கதிரையை இழுத்துப்போட்டு அமர்ந்தாள்.