எட்டு ஆகாது

வீட்டிலுள்ள ஒவ்வொரு கருவிக்கும் மாறாத ஐபி முகவரி கொடுத்துவிட்டுப் போனார் டெக்னீஷியன். பரந்தாமனின் நெஞ்சுக்குள் இருந்த, மருத்துவமனை தூரத்திலிருந்தே கண்காணிக்கும் இதயக் கருவிக்கு எட்டில் முடியும் முகவரி. அவர் மனைவி குணவதிக்கு மனசு ஆறவில்லை. "எட்டு நமக்கு ஆகாதுங்க" என்று சொல்லி, அன்றே ஃபிரிட்ஜின் ஐந்தை இதயத்துக்கும் எட்டை ஃபிரிட்ஜுக்கும் மாற்றிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பிட்டு எழுந்த பரந்தாமன் சோபாவில் சரிந்தார். "குணா, நெஞ்சை என்னமோ பண்ணுது."

அவள் மருத்துவமனைக்குப் போன் செய்தாள். "வண்டி அனுப்புங்க சார், வேர்த்துக் கொட்டுது, உதடெல்லாம் நீலமாயிடுச்சு!"

"பதறாதீங்கம்மா. சாரோட எட்டாம் நம்பரைத்தான் பாத்துக்கிட்டிருக்கேன். ஒரே சீரா ஓடுது. வாயுவா இருக்கும்."

சமையலறையில் ஃபிரிட்ஜ் ஒரே சீராக உறுமிக்கொண்டிருந்தது. குணவதி சட்டென்று அந்தப் பக்கம் திரும்பினாள்.

"ஐயோ, எட்டு எங்க ஃபிரிட்ஜு சார்! நான்தான் மாத்திட்டேன்!"

"பயத்துல என்னென்னமோ பேசுறீங்க. கருவி கூப்பிடாம வண்டி வராதும்மா."

அவள் ஓடிப்போய் ஃபிரிட்ஜின் பிளக்கைப் பிடுங்கி எறிந்தாள்.

"அம்மா!" போனில் அந்தக் குரல் அலறியது. "நின்னுடுச்சும்மா! வண்டி கிளம்பிடுச்சு!"

உறுமல் அடங்கிய வீட்டில், குணவதி கணவரின் நெஞ்சில் காதை வைத்தாள்.