ரெண்டு பிட்சர்

திருப்பரங்குன்றம் ரயில்வே கேட் மூடியிருக்கிறது. ஸ்கூட்டரில் அமர்ந்தபடி பாண்டிமீனா கைப்பேசியில் பேரம் பேசுகிறாள். நிஜ ஆட்டக்காரர்களை அணியாகச் சேர்த்து அலுவலகத்தார் கைப்பேசியில் ஆடும் பேஸ்பால் ஃபேன்டசி லீக்கில் ஒன்றரை மாதமாக அவள் அணிதான் கடைசி. பந்து வீச நல்ல பிட்சர் இல்லை. எதிர்முனையில் முதலிடத்து அருள்பாண்டி. "ஒன்னோட பெரிய பேட்டரைக் குடு, ஒரு பிட்சர் தாரேன்." "ரெண்டு பிட்சர்ண்ணே. இல்லாட்டி வேற ஆளுக்குக் குடுத்துட்டுப் போறேன்." வெயிலில் தண்டவாளம் மினுங்குகிறது. அவள் விரல் ஹெல்மெட் வாரைச் சுற்றிக்கொண்டே இருக்கிறது. ரயில் தடதடத்துக் கடந்துபோகிறது. "சரி, ரெண்டையும் எடுத்துக்க தாயி," என்கிறது சலித்த குரல். வீரர் மாற்றம் முடிந்ததென்று திரையில் பச்சை எழுத்து ஒளிர்கிறது. கேட் உயர, பின்னால் ஹாரன்கள் அலற, அவள் இரு கைகளையும் தூக்கிக் கூவுகிறாள். "என்னம்மா, வேலை கிடைச்சிருச்சா?" என்கிறார் பக்கத்துப் பால்வண்டிக்காரர். "பந்து போட ஆள் கிடைச்சிருச்சுண்ணே!"