சொல்லிப் பார்ப்பவள்

கடைசி வரியை முதலில் எழுதிவிட்டு, அங்கே வந்துசேரும் வழியைப் பிறகு தேடுவது மருதவாணனின் முறை. அவனைப் போலவே கதை எழுதும் மனைவி கோமதிக்கு அது சரிப்படாது. பாத்திரம் பேசவேண்டியதை முன்னறிவிப்பில்லாமல் அவனிடம் சொல்லிப் பார்ப்பாள். அவன் முகம் மாறினால் வசனம் தேறியது. உடனே எழுந்துபோய் எழுதிவிடுவாள்.

இன்று சாப்பிட உட்கார்ந்தபோது, "எனக்கு உங்களோட வாழப் பிடிக்கலைங்க" என்றாள்.

"யாரு பேசுறது? புதுக் கதாநாயகியா?" என்று சிரித்தான்.

கோமதி சிரிக்கவில்லை, எழுதவும் போகவில்லை. அவன் தட்டில் ரசம் ஊற்றினாள்.

"இது தேறாதும்மா. யாரும் நம்பமாட்டாங்க" என்றான், முகத்தை அசையாமல் வைத்துக்கொண்டு.

"எழுதுறதுக்குச் சொல்லலைங்க" என்றாள். அவள் கண்கள் மட்டும் அவன் முகத்தைவிட்டு நகரவே இல்லை.