ஏழு மணிச் செய்திக்கு எத்தனை வீடு

2024 நவம்பர் 19, செவ்வாய்க்கிழமை, காலை 10.45, விடியும்வரை பெய்த மழை ஓய்ந்து, ஈரத் தெருவில் வெயில் கண்ணைக் கூசவைக்கிறது. அரியலூரில் கேபிள் உரிமையாளர் காசிநாதனின் அலுவலகத்தில் ஷாலினி மேரி உட்கார முடியாமல் நிற்கிறாள். அரியலூர், பெரம்பலூர் இரண்டுக்கும் இனி ஒரே உள்ளூர்ச் செய்திச் சேனல்தான். அவள் செய்தி வாசிக்கும் ‘பொழுது’ நீடிக்குமா, டேவிட்ராஜ் நடத்தும் ‘சுடர்’ நீடிக்குமா என்பதை, ஒரு வாரமாக ஏழு மணிச் செய்தி நேரத்தில் வீடுவீடாகச் சென்று எடுத்த கணக்கு தீர்மானிக்கும். அரியலூரில் சுடருக்கு ஐந்து வீடுகள் அதிகம். பெரம்பலூர்த் தாள்கள் பஸ் கண்டக்டர் மூலம் இப்போதுதான் வந்து சேர்ந்திருக்கின்றன. அரியலூரில் கணக்கெடுத்த உண்ணாமலை உறையைப் பிரிக்கிறார். மின்விசிறிக் காற்றில் தாள் படபடக்கிறது. “பெரம்பலூர்ல பொழுதுக்கு மூணு வூடு கூட.”

“அப்பவும் நாங்க ரெண்டு வூடு முன்னால. டீ சொல்லவா ஷாலினி?” என்று டேவிட்ராஜ் சிரிக்கிறார்.

உண்ணாமலை குறுக்கிடுகிறார். “இருங்க சார். அரியலூர்ல உங்களுக்குப் போட்டதுல நாலு வூடு கணக்குல நிக்காது. டிவி மட்டும் உள்ள ஓடுச்சு; ஆளுங்க வாசல்ல என்கிட்ட கதை பேசிட்டு நின்னாங்க.”

“நீங்க கூப்பிட்டீங்க, வந்தாங்க!”

“பொழுது பாத்த வூட்லயுந்தான் கூப்பிட்டேன். ‘தண்ணி வர்ற நேரத்த அந்தப் பொண்ணு சொல்லுது, செத்த இருங்க’ன்னு கையக் காட்டிட்டாங்க.”

ஷாலினி வாயைப் பொத்திக்கொள்கிறாள். டேவிட்ராஜ் உண்ணாமலையை ஒரு கணம் பார்க்கிறார். பிறகு, மேசையில் பேனாவைத் துழாவும் காசிநாதனிடம் தன் சட்டைப்பைப் பேனாவை நீட்டுகிறார். காசிநாதன் ‘பொழுது’ என்று எழுதிக் கையெழுத்திட்டு, தாளை ஷாலினியிடம் கொடுக்கிறார்.