நேராக நின்ற தலைகள்

ஓக்லஹோமாவில் நானும் என் கணவன் வெர்னனும் சிறு மலைப்பாம்புகளை வளர்த்து விற்றோம். உடம்பில் சிலந்தி வலை போலக் கோடு விழுந்த குட்டிகளுக்குத்தான் கிராக்கி. அந்தக் கோட்டோடு ஒரு நோயும் கூடவே பிறக்கும். தலை ஆடும், முறுக்கிக்கொள்ளும், எலியைக் கவ்வப் போனால் குறி தவறும்.

"இந்த ஜாதியே இனி வேணாம், வெர்னன். பாவம்."

"பாம்புக்கு என்னடி பாவம்? அது பாட்டுக்கு ஆடிட்டுப் போகுது."

மார்ச்சில் ஒரு குட்டி தலைகீழாக முறுக்கிக்கொண்டு தண்ணீர்க் கிண்ணத்தில் மூழ்கிச் செத்தது. வெர்னன் அதைக் குப்பையில் போட்டுவிட்டு, அன்றைக்கே தாயை மறுபடியும் ஜோடி சேர்த்தான்.

மறுநாள் காலை முட்டையோடு வாய்க்குப் போன முள்கரண்டி அவன் கன்னத்தில் குத்தியது.

"ஏன் தலைய ஆட்டுற?" என்றேன்.

"யாரு ஆட்டுறா?" என்றான், ஆட்டிக்கொண்டே.

டாக்டர்கள் காதையும் மூளையையும் படம் எடுத்துப் பார்த்து, ஒன்றுமில்லை என்றார்கள்.

இப்போது அவனுக்கு நான்தான் ஊட்டிவிடுகிறேன். பாம்பு அறையில் அறுபது பெட்டிகளிலும் தலைகள் ஆடாமல் நேராக நிற்கின்றன. எல்லாம் அவன் இருக்கும் பக்கமே பார்க்கின்றன.

நேற்று அவன் அழுதான். "நடீன், அந்தக் கதவச் சாத்தேன். அதுங்க என்னையே பாக்குதுங்க."

நான் கதவை அகலத் திறந்து, அவன் நாற்காலியை அதற்கு நேராகத் திருப்பி வைத்தேன்.