இரண்டு வண்டிக்கு ஒரே சிலிண்டர்

கோட்டை மைதானத்து வெயிலில் தனியார் ஆம்புலன்ஸ்கள் சோதனைக்காக வரிசையாக நிற்கின்றன. பக்கத்துத் தெருவின் விசைத்தறிச் சத்தம் ஓயாமல் கேட்கிறது. அதிகாரி புஷ்பலதா, டிரைவர் எழிலரசனின் வண்டிக் கண்ணாடியில் 'தகுதி உண்டு' என்ற பச்சை ஸ்டிக்கரை ஒட்டி, நகத்தால் ஓரங்களை அழுத்திவிட்டு அடுத்த வண்டிக்கு நகர்கிறார். அவருக்கு முன்பே எழிலரசனின் ஆக்சிஜன் சிலிண்டர் பின்கதவு வழியாக அங்கே போய்விட்டது. முதலாளியின் இரண்டு வண்டிக்கும் அது ஒன்றுதான். அந்நேரம் ஓர் ஆட்டோ வந்து நிற்கிறது. கன்னியம்மா தன் கணவர் சடையனைத் தாங்கி இறக்குகிறாள். மூச்சுக்குத் தவிக்கும் அவரது விலா எலும்புகள் சட்டைக்குள் ஏறி இறங்குகின்றன.

"அண்ணா, மூச்சு வாங்கிகினே கீறாரு. வேலூர் ஆஸ்பத்திரிக்குப் போவணும், ஜல்தி கதவத் தொறங்க!" என்கிறாள், ஸ்டிக்கரைப் பார்த்த தைரியத்தில்.

எழிலரசனின் கை கதவுப்பிடியிலேயே நிற்கிறது. "இதுல ஏறாதீங்க" என்கிறான். மறுபடி சொல்கிறான்: "இதுல ஆக்சிஜன் இல்லைங்க. சிலிண்டர் பக்கத்து வண்டியில கீது. மேடத்துக்குக் காட்ட மாத்தி மாத்தி வெச்சிகினு இருந்தோம்."

புஷ்பலதாவின் கையில் மீதி ஸ்டிக்கர் தாள் காற்றில் படபடக்கிறது. அவர் அவனைப் பார்க்கவில்லை, தாளையும் பார்க்கவில்லை.

சடையனைப் பக்கத்து வண்டியில் ஏற்றுகிறார்கள். எழிலரசனே முகமூடியைப் பொருத்துகிறான். மூச்சு மெல்ல நிதானப்பட, சடையன் கண்திறந்து அவனைப் பார்க்கிறார். கைகளைத் தூக்கி அவனைக் கும்பிடுகிறார்.

"வாணாங்க" என்று அந்தக் கைகளைப் பிடித்துக் கீழே இறக்குகிறான் எழிலரசன். அவை மறுபடி எழுகின்றன.