வந்துட்டேன்!

ஜப்பானின் கோபே நகரப் பூனைக் காப்பகத்தில் கினாக்கோ என்றொரு பெரிய பூனை இருந்தது. யார் வந்தாலும் பெட்டிக்குள் ஒளிந்துகொள்ளும். அதைத் தத்தெடுக்க வந்த பெரியவர் குவாபாரா அன்றும் கெஞ்சிப் பார்த்தார். மீசைகூட வெளியே வரவில்லை.

"அது தானா வந்தாத்தான் கொடுப்போம், ஐயா. அடுத்த தடவை வீட்டம்மாவையும் கூட்டிட்டு வாங்களேன்," என்றாள் காப்பகத்துச் சாயோ.

"அவ வரமாட்டாம்மா," என்று சிரித்தபடி கிளம்பினார்.

தெருவுக்குப் போனவர், மறந்துவிட்ட குடைக்காகத் திரும்பி வந்தார். வாசலில் காலணியைக் கழற்றும்போது, அந்த ஊரில் வீடு திரும்புகிறவர்கள் சொல்வதை வாய் தானாகச் சொன்னது: "வந்துட்டேன்!"

"ஐயையோ, இது என் வீடில்லையே!" என்று நாக்கைக் கடித்துக்கொண்டார். அதற்குள் கினாக்கோ பாய்ந்து வந்து அவர் காலை உரசியது.

சாயோ வியந்துபோனாள். "இதை வளர்த்த அம்மாவும் தினமும் அப்படித்தான் குரல் கொடுத்துக்கிட்டே உள்ள வருவாங்களாம்! உங்க வீட்டுல 'வாங்க'ன்னு பதில் சொல்றது வீட்டம்மாதானே?"

"அவ போய்ச் சேர்ந்து வருஷமாச்சும்மா. எனக்குத்தான் வாய்ப்பழக்கம் போகலை. பதில் சொல்ல யாருமில்ல."

"மியாவ்," என்றது கினாக்கோ.

"யாருமில்லையா? நல்லாக் கேளுங்க, ஐயா," என்று சாயோ சிரித்தாள்.